வேகாத நாற்பது மூட்டை

விற்றுப் போன நாற்பது மூட்டைப் பருப்பும் காலையில் மில்லுக்கே திரும்பி வந்து இறங்கின. ஒரு மணி நேரம் கொதித்தும் கல்லாட்டம் கிடக்கிறது, இதை மனுஷன் தின்பானா என்று மாணவர் விடுதிச் சமையல்காரர் போனில் முதலாளியைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அக்கா ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தாள்.

மில்லில் எல்லாருக்கும் அவள் அக்காதான். எந்தச் சரக்கு வந்தாலும் ஒரு கைப்பிடி எடுத்து வேகவைத்து, இத்தனை நிமிடம் என்று அவள் சீட்டில் எழுதித் தந்தால்தான் முதலாளி வாங்குவார். பதினெட்டு வருஷமாக இதே வேலை. அக்காவிடம் எந்தத் தரகர் பருப்பும் வேகாது என்று கேலிகூடப் பேசுவார்கள். போன மாதம் ஒருவனுடையது வெந்தது. வேறு யார், கூடப் பிறந்த தம்பிதான். தரகுக்கு வந்து அவன் கொண்டுவந்த முதல் சரக்கு; கிடங்கில் வருஷக்கணக்காகக் கிடந்த கிழட்டுப் பருப்பு. இது தட்டிப்போனால் இனி எவனும் என்னை வாசலில் சேர்க்கமாட்டான் என்று கண் கலங்கி நின்றான். தூக்கி வளர்த்த மனசு கேட்குமா? கொதிக்கிற தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போட்டாள். இருபத்தைந்தே நிமிடத்தில் குழைந்துவிட்டது.

இப்போது பழி, சரக்கை விடுதிக்குக் கொண்டுபோய் இறக்கிய மூட்டை தூக்குகிறவர் தலையில் விழுந்தது. அக்கா பார்த்த சரக்கு வேகாமல் போகுமா, வழியில் இவன்தான் மூட்டையை மாற்றிவிட்டான் என்றார் முதலாளி. நாளையிலிருந்து வராதே என்றும் சொல்லிவிட்டார். அந்த மனுஷர் சண்டை போடவில்லை. அன்றைக்கு வாங்கும்போது எடுத்துவைத்த மாதிரிப் பருப்பு அலமாரியில் இருக்கிறதே, அதையும் இதையும் சேர்த்து வேகவைத்துப் பார்க்கட்டும் என்றார்.

"அக்கா என்ன சொல்றாங்களோ, அது எனக்குச் சரி."

நம்புவதற்கு இவருக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை!

இரண்டு அடுப்பில் இரண்டு பாத்திரம் ஏற்றினாள். முதலாளி போனோடு வெளியே போயிருந்தார். மூட்டை தூக்குகிறவர் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அலமாரி மாதிரியில் மட்டும் ஒரு சிட்டிகை போட்டால் போதும், மூட்டை மாறியதென்றே ஆகிவிடும்; தம்பியும் பிழைப்பான், அவளும் பிழைப்பாள். சோடா டப்பாவைத் திறந்தாள். அந்த முதுகில் சட்டை தோள்பட்டையில் நைந்து, உள்ளே தோல் காய்த்துப் போயிருந்தது தெரிந்தது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக வந்தது. டப்பாவை மூடினாள்.

அரை மணி ஆனதும் முதலாளியின் உள்ளங்கையில் இதிலொரு பருப்பும் அதிலொரு பருப்பும் வைத்தாள். அவர் நசுக்கிப் பார்த்தார். இரண்டும் மசியவில்லை.

"ரெண்டும் ஒரே சரக்குதான் மொதலாளி."

அவர் போன மாதச் சீட்டைத் தேடி எடுத்தார். அவள் கையெழுத்து.

"அப்ப அன்னைக்கு மட்டும் எப்படிக்கா வெந்துச்சு?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அதற்குள், வேலை தப்பித்த சந்தோஷத்தில் மூட்டை தூக்குகிறவர் எழுந்து வந்தார். "அன்னைக்கு அடுப்பு ஜாஸ்தியா எரிஞ்சிருக்கும் மொதலாளி. அக்கா போய் பொய் சொல்லுவாங்களா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு பாத்திரங்களிலும் பருப்பு முழுசு முழுசாகக் குதித்துக்கொண்டிருந்தது.