பன்னிரண்டு செத்துப் போயித்து

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதையில் வரும் கேடுகெட்ட வசனத்தைச் சொன்னவன் நான்தான். கோழை என்பதால் அதை அல்பேட் என்றொருவன் தலையில் கட்டியிருக்கிறேன். என் பயத்தைப் பீற்றிஸ் என்றொருத்திக்குக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் அது திரும்பி வந்துவிடுகிறது.

2

"மட்டக்களப்பு வாவி அன்று அமைதியாக—"

வேண்டாம். நடந்ததற்கும் வாவிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. 1964. அங்கிருந்து வாட்டுகளுக்கு வயர் இழுத்து, ஒலிபெருக்கி பூட்டி, சம்பளம் வாங்காமல் சிலர் ஒரு வானொலி நடத்தினார்கள். சனிக்கிழமைப் பின்னேரங்களில் மிஷன் பள்ளிக்கூட டீச்சர் பீற்றிஸ், நோயாளிகள் கேட்ட இசைத்தட்டுகளைப் போடுவாள். பெயர் சொல்லத் தாதிமாரின் தலைவி மேற்றன் விடமாட்டார், கட்டில் எண்தான். "ஏழாம் கட்டில் விரும்பிக் கேட்ட பாடல்." நாளடைவில் வாட்டில் எல்லாருமே எண்ணாகிப் போனார்கள்.

(மேற்றனையும் ஒரு பாத்திரமாக்க நினைத்தேன். இன்றைக்கும் அவர் என்றால் எனக்கு நடுக்கம். விட்டுவிட்டேன்.)

3

அந்தச் சனிக்கிழமை புதுப் பெட்டி வந்தது. புது என்றால், ஒரு தியேட்டர்க்காரர் கழித்துவிட்ட அம்பிளிஃபயர். தந்திக் கந்தோரில் வேலை பார்த்த அல்பேட் அதன் கண்ணாடி வால்வுகளில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் ஒட்டி, ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தான். ஒலிபரப்பு இன்னும் பழைய பெட்டியில்தான் போய்க்கொண்டிருந்தது. பாட்டு முடிய, பீற்றிஸ் இசைத்தட்டை மாற்ற எழும்பினாள்.

"டீச்சர், பன்னிரண்டு செத்துப் போயித்து."

"மெய்தானா? காலையில நல்லாத்தானே இருந்த?"

"இனி வெச்சிருந்து பிரயோசனமில்ல. கழட்டி வெளியில போடுவம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். மைக் சுவிச் மூடப்படவில்லை. பேசியதெல்லாம் வாட்டுகளுக்குப் போயிருந்தது.

ஆண்கள் வாட்டில் பன்னிரண்டாம் கட்டில், காத்தான்குடி நெசவுக்காரர் பக்கீர். வாட்டில் எல்லாருக்கும் அவர் 'காக்கா', அண்ணன். வயிற்றில் ஒப்பரேசன் முடிந்து மூன்றே நாள்.

(பெண்கள் வாட்டிலும் ஒரு பன்னிரண்டு உண்டு. அன்று அது காலி. கடவுள் பாதிதான் இரங்கினார்.)

4

ஓடினாள். கட்டிலில் ஆள் இல்லை. பக்கத்துக் கட்டில் சீனித்தம்பி அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"காக்கா சாரன இறுக்கிக் கட்டித்துப் போயித்தார். சாகிறதெண்டா ஊட்ட போய் மவுத்தாகுறன் எண்டார்."

இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வாசலிலேயே அவரைப் பிடித்து, வால்வைக் காட்ட, எல்லாரும் சிரித்துவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்கே பொய்யாகப் பட்டது. மற்றதில் தையல் விட்டு, றோட்டோரம் அவர்— கிழித்துப் போட்டேன்.

5

பஸ் நிற்கும் இடத்தில் பக்கீர் வேலியைப் பிடித்தபடி நின்றார். சட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு இரத்தம். பீற்றிஸுக்கு மூச்சு வாங்கியது. அல்பேட் பின்னால் வந்து வால்வை நீட்டினான்.

"காக்கா, செத்தது இதுதான். நீங்க இல்ல," என்றாள் அவள்.

பக்கீர் அதை வாங்கிப் பார்த்தார்.

"உங்கட பொட்டிக்கும் என்ட கட்டிலுக்கும் ஒரே நம்பரா, மகள்?"

"ஓம் காக்கா. சத்தியமா."

"அப்ப நான் மவுத்தாகமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு. திரும்பி வாறன்."

அவள் விருப்பப் பாட்டு எழுதிய துண்டுகளை வாங்க வாட்டுக்குப் போனபோது, டொக்டர் இவர் தையலைப் பார்த்துவிட்டுத் தாதியிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னதைக் கண்டிருந்தாள். என்ன சொன்னார் என்று தெரியாது. பொய்ச் சத்தியம் பண்ணி அறியாதவள். பண்ணாவிட்டால் இவர் இந்தத் தையலோடு பஸ்ஸில் ஏறிவிடுவார்.

பஸ் வந்து நின்றது. "ஏறுறதா, இல்லையா?" என்று கொண்டக்டர் கத்தினார்.

6

நிஜத்தில் அன்று சத்தியம் பண்ணியவனும் நான்தான். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பி வந்தார். அதற்கு மேல் அவருக்கு என்ன நடந்தது என்று எழுத எனக்குத் தைரியமில்லை.

பஸ்ஸடியில் பக்கீருக்குப் பதில் சொல்ல, பீற்றிஸுக்கு நான் இன்னும் ஒரு சொல்லும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அது என் சொல்லாகிவிடும். நீங்களே கொடுங்கள். கொடுக்குமுன் பக்கீருடைய முகத்தை ஒருதரம் பாருங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் அவர் நம்பிவிடுவார்.