தலைவரின் மிஸ்டு கால்

பதினோரு மணிக்கு எழிலரசியின் செல்போன் அடித்தது. சிதம்பரத்திலிருந்து தில்லைநாதன் என்று ஒருவர். பேசும்போதே அவர் குரல் உடைந்தது.

“மேடம், ஆஸ்பத்திரி போன்லேர்ந்து நர்ஸு எப்பவோ மெசேஜ் போட்டாச்சு. ஓ நெகட்டிவ். இன்னும் ஒருத்தரும் கூப்புடல. புள்ள பொறந்ததுலேர்ந்து எம் பொண்டாட்டி சத்யப்பிரியாவுக்கு ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. இருந்த ஒரு பாட்டிலயும் ஏத்திட்டாங்க மேடம்.”

“இதோ பாக்கறேங்க. போன கையிலயே வச்சிருங்க.”

கடலூர் செம்மண்டலத்தில் மாடியில் ஒரே அறை. அதுதான் ரத்ததானக் குழுவின் ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டர், மெசேஜ் வாங்கி அனுப்ப சிம் கார்டு போட்ட ஒரு மோடம், மேனேஜர் கண்ணாயிரம், அப்புறம் எழிலரசி. ரத்த வகையையும் ஊரையும் எழுதி மெசேஜ் அனுப்பினால் போதும், அந்த ஊரில் அந்த வகை ரத்தம் உள்ள எல்லோருக்கும் ஒரே நொடியில் செய்தி போய்விடும். அதற்கான பெர்ல் புரோகிராமைப் போன வருஷம் எழுதியது எழிலரசிதான். ஈவென்ட் லூப் லைப்ரரி என்று யாரோ எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம் ஒன்றை வைத்து எழுதியிருந்தாள்.

ஈவென்ட் லூப் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஓட்டலில் ஒரே சர்வர் பத்து டேபிள் பார்ப்பதில்லையா? இங்கே ஆர்டர் வாங்கி உள்ளே சொல்லிவிட்டு அடுத்த டேபிளுக்கு ஓடுவான். தோசை வேகும்வரை ஒரே டேபிளில் நின்றான் என்றால் மற்றவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஸ்கிரீனில் கடைசி இரண்டு வரிகள் இருந்தன. 10.31, நாலு மெசேஜ் எடுக்கப்பட்டன. 10.31, தலைவர் சம்மதத்துக்குக் காத்திருக்கிறது. அதன் கீழே ஒன்றுமே இல்லை.

எழிலரசி அந்த வரியை மறுபடி படித்தாள். அடிப்பாவி, என்ன எழுதி வைத்திருக்கிறாய்!

ரத்தம் கொடுப்பவர்களின் நம்பர்கள் எல்லாம் குழுத் தலைவர் தேவநாதன் பதினைந்து வருஷம் ஊர் ஊராக அலைந்து சேர்த்தவை. நடுவில் ரத்தம் விற்கும் புரோக்கர்கள் புகுந்து கெடுத்ததால் ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். பதிவான ஆஸ்பத்திரி நம்பர் என்றால் கேள்வி வேண்டாம், உடனே அனுப்பலாம். தெரியாத நம்பர் என்றால் மட்டும் முதலில் அவருக்கு மெசேஜ் போக வேண்டும். சரி என்றால் அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்.

தலைவரின் மிஸ்டு கால் வந்தால் எனக்குச் சொல் என்று லூப்பிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கும்படி எழுதியிருக்க வேண்டும். அவளோ, வரும்வரை நில் என்று எழுதிவிட்டாள். அப்படி எழுதவே கூடாது என்று லைப்ரரியின் விளக்கத்தில் முதல் பக்கத்திலேயே தலையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். படித்தவள்தான், தெரிந்தேதான் எழுதினாள். ஐயா சரி சொல்லாமல் அடுத்ததைத் தொடுவது என்னவோ போலிருந்தது. சோம்பலுக்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டாள். ஐயாவும் ஒரு வருஷமாக ஒரு நிமிஷம்கூடத் தாமதித்ததில்லை.

“நிறுத்திட்டு மறுபடி ஓட்டேம்மா,” என்றார் கண்ணாயிரம்.

“முடியாதுண்ணே. பத்தரை வரைக்கும் கரண்ட் இல்லல்ல, நாலும் ஒண்ணா வந்து விழுந்திருக்கு. சிம்லேர்ந்து எடுத்து அழிச்சாச்சு. இப்ப அது புரோகிராம் வயித்துக்குள்ளதான் இருக்கு. நிறுத்துனா போயிடும். சிதம்பரத்துக்காரர் யாருன்னு தெரியும். மத்த மூணு பேர் யாரு?”

தலைவருக்குப் போன் போட்டாள். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றார் கண்ணாயிரம்.

“சிதம்பரம் லிஸ்ட்ட எடுத்து நீங்க கையால ஒவ்வொருத்தரா கூப்புடுங்கண்ணே. நான் போறேன்.”

முகூர்த்த நாள். தெருவெல்லாம் வேனும் ஆட்டோவுமாக அடைத்துக்கிடந்தது. ஸ்கூட்டியில் ஹாரனை அழுத்திக்கொண்டே போனாள். போனவர் வந்தவர் எல்லாம் திட்டினார்கள். திட்டட்டும்.

மண்டபத்தில் மேளம் காதைப் பிளந்தது. தலைவர் மேடையில் மாப்பிள்ளை பக்கத்தில் போட்டோவுக்கு நின்றிருந்தார்.

“வாம்மா எழிலு, சாப்ட்டியா?”

அவள் மேடையேறி, அத்தனை சனத்துக்கு முன்னால் அவர் சட்டைப் பையில் கைவிட்டுப் போனை எடுத்தாள். சைலண்ட்டில் இருந்தது. மோடம் நம்பரை அழுத்தினாள். ஒரு ரிங். கட்.

“என்னாம்மா இது?” தலைவர் முகம் சிவந்தது.

“ஐயா, அப்பறம் திட்டுங்க.”

இரண்டு நிமிஷத்தில் கண்ணாயிரம் கூப்பிட்டார். “போயிடுச்சும்மா, நாலும் போயிடுச்சு! நான் நாலு பேர்ட்ட பேசறதுக்குள்ள இது மொத்த பேருக்கும் அனுப்பிடுச்சு. சிதம்பரத்துல ரெண்டு பேரு கெளம்பிட்டாங்க. ஒருத்தரு ஆஸ்பத்திரி வாசல்லயே டீக்கடைல இருந்தாராம்.”

எழிலரசி மேடைப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். தலைவர் அவசரமாக இறங்கி வந்தார். நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னாள். அவர் தன் போனைப் பார்த்தார். அவர் சம்மதத்துக்காக நின்றது அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்டு வந்த மெசேஜ்.

“மத்த ரெண்டு?” என்றார் மெதுவாக.

கண்ணாயிரத்திடம் கேட்டு நம்பர் வாங்கினாள். ஒன்று கடலூர், ஆள் கிடைத்துவிட்டது. இன்னொன்று பண்ருட்டி, லாரியில் அடிபட்ட பையன்; அந்த ஊரிலேயே மூன்று பேர் கிளம்பியிருந்தார்கள். எழிலரசி நம்பரை அழுத்தினாள். ராஜாமணி என்று அவன் அப்பா எடுத்தார்.

“ரத்ததானக் குழுலேர்ந்து பேசறேங்க. மூணு பேர் வராங்க...”

“வாணாம்மா,” என்றார். அழுது ஓய்ந்த குரல். “பதினோரு மணிக்கே போயிட்டான்.”

அவரே தொடர்ந்தார்.

“நீங்க என்னாம்மா பண்ணுவீங்க. அந்த ரத்தம் கெடைக்கறது ரொம்ப கஷ்டம்னு டாக்டரே சொன்னாரு. எங்க விதி. இவ்ளோ தூரம் தேடுனீங்களே, நல்லா இருங்கம்மா.”

தலைவர் எதுவும் சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினார். போனைக் கொடு என்று கையை நீட்டினார். எழிலரசி திரும்பிக்கொண்டு ராஜாமணியிடம் சொன்னாள்.

“ஐயா, ரத்தம் கெடைக்காம இல்லீங்க. பண்ருட்டிலயே மூணு பேரு இருந்தாங்க. கூப்ட்டிருந்தா பத்து நிமிஷத்துல வந்திருப்பாங்க. செய்தி எங்ககிட்ட வந்து முக்கா மணி நேரம் நின்னுடுச்சு. நிக்கறாப்பல எழுதுனது நான்தாங்க.”

அந்தப் பக்கம் ராஜாமணி போனை வைக்கவில்லை.