பதினாறும் இருபத்திநாலும்

பதினாறா இருபத்திநாலா என்றுதான் கேட்கிறார்கள். போவதா இருப்பதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே இந்த அழைப்பும் முடிந்துவிடும்.

கீர்த்திகா கைத்தொலைபேசியைக் கணினித் திரையில் சாய்த்து வைத்திருந்தாள். அதில் இரண்டு முகங்கள். கனடாவில் அண்ணன் சயந்தன், கணினிக் கடை திறக்கும்வரை காருக்குள் காத்திருந்தான். லண்டனில் அக்கா உதயகலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கீர்த்திகா இருந்த நீர்வேலியில் இருட்டத் தொடங்கியிருந்தது. அவளுடைய முதுகுக்குப் பின்னால், அதே அறையில், அப்பா பஞ்சலிங்கம் கட்டிலில் கிடந்தார். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அவருக்கு அந்தக் கட்டில்தான் உலகம். அவரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம் என்று கணினியையும் அவள் அங்கேயே கொண்டுவந்திருந்தாள்.

வெளிநாட்டிலிருந்து ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டப்போகிற வீட்டை முன்கூட்டியே படமாக்கிக் காட்டுவது அவளுடைய தொழில். சுவரும் கூரையும் போட்டு, மாபிள் தரையில் பின்னேர வெயிலை விழுத்தி, போர்ட்டிக்கோவில் ஒரு காரையும் நிறுத்திவிட்டால் அவர்களுக்குக் கண் கலங்கிவிடும். அப்படி ஒரு வீட்டைப் படமாக்கி முடிக்க அவளுடைய பழைய கணினி விடியவிடிய இரைந்துகொண்டு ஓடும்.

அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுக் கொழும்பில் ஒரு கட்டடக்கலை நிறுவனம் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. நேர்முகத்துக்குப் போய்வந்த இரண்டு நாளும் சிசிலியாக்கா அப்பாவோடு நின்றாள். காலையில் வந்து அவரைத் துடைத்து உடுப்பு மாற்றிவிடுகிறவள் அவள். அந்த இரண்டு நாளும் அப்பா சாப்பிட வாயைத் திறக்கவில்லை. சிசிலியாக்கா கஞ்சிக் கோப்பையோடு இருந்து அழுதிருக்கிறாள். திங்கட்கிழமைக்குள் கொழும்புக்குப் பதில் சொல்லவேண்டும்.

இதையெல்லாம் அவள் குடும்பக் குழுவில் எழுதினாள். சில நாள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அண்ணனின் குரல்பதிவு வந்தது. நீ ஏன் பிள்ளை கொழும்பிலை போய்க் கஷ்டப்படவேணும், நல்ல மெசின் ஒண்டு போட்டுத் தாறம், வீட்டிலை இருந்தே செய், நல்லூர்த் திருவிழாவுக்கு என்ரை சிநேகிதன் பிரணவன் வரேக்கை கையிலை குடுத்துவிடுறன், எது வேணும் எண்டு பாத்து வை.

அவள் பார்த்தாள். அதுதான் அவளுக்கு இப்போது வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து கிடைத்த நேரமெல்லாம் கணினிக்கு மூளையான புரொசெசர்களில் இரண்டைப் பற்றியே வாசித்தாள். எது எவ்வளவு மின்சாரம் குடிக்கும், எது எவ்வளவு சூடாகும், தன்னுடைய மென்பொருளில் எது முந்தும் என்று தேடித்தேடிப் பார்த்தாள். கொழும்பை மறந்தாள். சந்தோஷமாகக்கூட இருந்தாள்.

"இருபத்திநாலெண்டால் கூடத்தானே. பிறகென்ன யோசனை?" என்றாள் உதயகலா.

"நீ சீலை எடுக்கிற மாதிரிக் கதைக்காதை," என்றான் சயந்தன். "கீர்த்தி, அவளுக்கு ஒருக்கா விளங்கப்படுத்து."

"கோர் எண்டால் உள்ளுக்கு வேலை செய்யிற பகுதி அக்கா. இன்டெல்லின்ரை இருபத்திநாலு கோரிலை எட்டுத்தான் பெரிசு. மிச்சம் பதினாறும் சின்னன். மற்றது ஏஎம்டி, அதிலை பதினாறும் ஒரே அளவு."

"சின்னன் என்னத்துக்கு?"

"பின்னாலை ஓடுற வேலையளைச் சத்தமில்லாமல் பாக்கும். பெரிசுகள் முக்கியமான வேலையைச் செய்யும்."

"அப்ப எங்கடை வீடு மாதிரி," என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அவளுடைய முகம் மாறியது. குனிந்து வெங்காயத்தைப் பார்த்தாள். அண்ணன் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கீர்த்திகாதான் அவர்களுக்காகச் சிரித்துவைத்தாள்.

"எது திறம்? அதைச் சொல்லு," என்றான் அவன்.

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான் அண்ணை. ஆனா உந்தச் சோதினை செய்யிறவை எல்லாரும் குளிர் அறையிலை வைச்செல்லோ செய்யினம். இஞ்சத்தை வெக்கையிலை எது தாங்குமெண்டு ஒருத்தரும் எழுதேல்லை."

"ஏசி போடுவம்."

"அப்பாக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது."

"ஓ," என்றான்.

எல்லாவற்றையும் ஒரேமாதிரி வைத்து ஒன்றை மட்டும் மாற்றினால்தான் ஒப்பிடலாம் என்று அவள் வாசித்திருந்தாள். அதே அறை, அதே விசிறி, அதே வேலை. அவளுடைய விஷயத்தில் எதை மாற்றிப் பார்ப்பது? கொழும்பை ஒரு பக்கமும் நீர்வேலியை ஒரு பக்கமும் வைத்தால் இரண்டு பக்கத்திலும் அப்பா வந்து படுத்துக்கொண்டார்.

கட்டிலில் அவர் முனகினார். சரித்துவிடும் நேரம் தப்பியிருந்தது.

"கொஞ்சம் நில்லுங்கோ, அப்பாவைத் திருப்பிப்போட்டு வாறன்."

அவள் அவருடைய தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துச் சரித்தாள். முதுகில் சிவந்திருந்த இடத்தைத் தடவிவிட்டுத் தலையணையை வைத்தாள். அப்பா இடக்கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் இன்னும் பலம் இருந்தது. பின்னால் தொலைபேசியில் அவர்கள் தங்களுக்குள் கதைப்பது கேட்டது.

"சந்தோசமாத்தானே இருக்கிறாள்," அண்ணனின் குரல். "என்னமா ஆர்வமாக் கதைக்கிறாள் பார்."

"அப்ப கொழும்புக் கதை?"

"இனி அதை எடுக்கமாட்டாள். உந்த மெசினை வாங்கிக் குடுத்திட்டால் சரி."

அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு அவள் வந்து கதிரையில் இருந்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அவன் கண்டதைத்தானே சொன்னான்.

"அண்ணை," என்றாள். "திங்கட்கிழமை கொழும்புக்கு என்ன சொல்லுறது?"

அக்கா வெங்காயத் தோலை ஓரமாக ஒதுக்கினாள்.

"அதுக்குத்தானே பிள்ளை இந்த மெசின்," என்றான் சயந்தன். "வேலை கெதியா முடிஞ்சால் அப்பாவைப் பாக்கவும் உனக்கு நேரம் கிடைக்கும்."

கணினி படமாக்கிக்கொண்டிருக்கும்போது அவள் ஒன்றும் செய்யமுடியாது. அந்தச் சாட்டில்தான் அவள் கிணற்றடியில் போய் இருப்பாள். புத்தகம் வாசிப்பாள், சும்மாவும் இருப்பாள். அவளுக்கென்று மிஞ்சியிருந்த நேரம் அதுதான். அதையும் சேர்த்துத்தான் அண்ணன் இப்போது எடுக்கிறான். அது அவனுக்குத் தெரியாது.

"ஒரு மூண்டு மாசம்," என்றாள். "உங்களிலை ஒராள் வந்து நிக்கேலுமோ? அதுக்கிடையிலை கொழும்பிலை ஒரு வீடு பாத்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிடுவன்."

"இவனுக்குச் சோதினை வருது கீர்த்தி," என்றாள் அக்கா, மகனைச் சொல்லி. கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "உனக்குத் தெரியும்தானே."

"நான் மூண்டு மாசம் நிண்டால் திரும்ப வேலையிலை எடுக்கமாட்டாங்கள் பிள்ளை. வீட்டுக் கடன் இருக்கு," என்றான் சயந்தன்.

எல்லாம் உண்மை. பொய்யாக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டு தொலைபேசியை வைத்திருப்பாள். யாரிலும் பிழை இல்லாத இடத்தில் எதைப் பிடித்து எழும்புவது? அவளுக்குள் ஏதோ மெல்ல அமர்ந்தது, கிணற்றில் கல் போய் அடியில் இருப்பதுபோல. தான் போகப்போவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது.

"கடை திறந்திட்டாங்கள்," என்றான் அண்ணன். குரலில் ஆறுதல் தெரிந்தது. திரையில் கண்ணாடிக் கதவு, விளக்குகள், பெட்டிகள் அடுக்கிய தட்டு எல்லாம் ஆடி ஆடி வந்தன. இரண்டு சின்னப் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். "இந்தா, ரெண்டும் இருக்கு. நீயே சொல்லு. பிறகு அண்ணை தான் நினைச்சதை வாங்கித் தந்தவன் எண்டு வரக்கூடாது. நீ தெரிஞ்செடுத்ததா இருக்கட்டும்."

அவளுக்கு எது என்று தெரியும். தெரிந்து பல நாள். ஒரே அளவான பதினாறு. அந்தச் சொல் நாக்கில் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் நன்றியும் சொல்லவேண்டும். அதன் பிறகு, அவளுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யத்தான் விருப்பம், அவளே கேட்டு வாங்கினவள் என்று இவர்கள் ஆட்களுக்குச் சொல்வார்கள். அவளும் ஒருநாள் அதை நம்பக்கூடும்.

"நான் சொல்லேல்லை அண்ணை."

"என்ன சொல்லேல்லை?"

"எதை எண்டு நான் சொல்லமாட்டன்."

"அப்ப வேண்டாமோ?"

"நான் இஞ்சைதான் இருப்பன். அப்பாவைப் பாப்பன். அதிலை நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். ஆனா உது நான் தெரிஞ்செடுத்ததா இருக்காது."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். கடைக்காரன் பக்கத்தில் வந்து ஏதோ ஆங்கிலத்தில் கேட்டான். அண்ணன் அவனைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

"ஒரு சொல்லுத்தானே கீர்த்தி," என்றான் மெதுவாக. "சொல்லிவிடன்."

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று.