இடிபாட்டுக்குள் ஒரு தூக்கம்

ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே அவள் கண்ணயர்ந்துவிட்டாள். தலை சாய்ந்து கொழுந்தனின் முதுகில் இடித்ததும் அவன் தோளைக் குலுக்கினான்.

"அண்ணி, தூங்கிடாதீங்க. மீட்புப் பயிற்சிக்குப் போற வழியிலயே நம்மள யாராவது மீட்க வேண்டியதாப் போயிடும்."

சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். அவள் "ம்" என்று மட்டும் சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை வெயில் அதற்குள் சுள்ளென்று ஏறியிருந்தது.

அவளுக்கு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. ஈரப் போர்வைகளை இயந்திரத்திலிருந்து இழுத்து இழுத்து வலது தோள் இறங்கிப்போயிருந்தது. கணவன் லாரி ஓட்டுபவன். வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவான். மழைக்காலத்தில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவள் வேலைக்குப் போகும் பகலில் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொண்டாலும், அதிலிருந்து இரவுகள் அவளுக்கு இரவாக இல்லை. முதுகில் புண் வராமலிருக்க அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நனைந்தால் துணி மாற்ற வேண்டும். தாகமென்றால் எழுப்புவார்; தாகமில்லாவிட்டாலும் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க எழுப்புவார்.

கொழுந்தன் அதே கட்டடத்தில் மனைவியோடு மாடியில் இருந்தான். எலெக்ட்ரீஷியன். கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. மருந்து தீர்வதற்குள் வாங்கி வந்து வைத்துவிடுவான். சாயங்காலம் வேலை முடிந்து படியேறும்போது வாசலில் நின்று, "அம்மா எப்படி இருக்காங்க அண்ணி?" என்று கேட்பான். "இருக்காங்க" என்பாள். அவன் மேலே போய்விடுவான். அதற்கு மேல் செய்ய இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியதில்லை. அவளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

ஒரு நாள் மாமியார் கட்டிலிலிருந்து சரிந்து தரையில் விழுந்துவிட்டார். அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். இருவருமே சுவரோரம் சாய்ந்ததுதான் மிச்சம். மாடியில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் வெளியே போயிருந்தார்கள். அவர்கள் வரும்வரை மாமியாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம்தான் கொழுந்தன் தீயணைப்பு நிலையத்தில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறார்கள் என்று குதித்துக்கொண்டு வந்தான்.

"அதுல ஆளைத் தூக்கச் சொல்லிக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

"அதுதானே அண்ணி முதல் பாடமே!"

அப்படித்தான் அவள் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் ஓரகத்தி கீழே வந்து மாமியாருடன் இருப்பாள். வரும்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வருவாள். ஆனாலும் வந்துவிடுவாள்.

பயிற்சி தீயணைப்பு நிலையத்தின் பின்புறக் கொட்டகையில் நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் ஒல்லியான மனிதர். கத்திக் கத்தி அவருடைய குரல் கரகரத்துப்போயிருந்தது. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் விசில் சார். ஒரு சலூன்காரர், ஒரு பள்ளி ஆசிரியை, துணிக்கடை ஊழியர்கள் சிலர் என்று கலவையான கூட்டம். கட்டுப் போடுவது, கயிற்றில் முடிச்சிடுவது, புகை சூழ்ந்த அறையில் சுவரைத் தடவிக்கொண்டே போவது என்று ஒவ்வொன்றாகப் பழகினார்கள். முடிச்சு அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. தூக்குவது வந்தது. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். தூக்குகிற உடம்பைத் தன் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். போர்வையில் புரட்டித் தூக்கக் குறைந்தது மூன்று பேராவது வேண்டும் என்றார்.

"ஒரே ஆளா இருந்தா சார்?" என்று கேட்டாள்.

"ஒரே ஆளாத் தூக்காதீங்க. ஆளைக் கூப்பிடுங்க."

அவள் தலையாட்டினாள். யாரை என்று அவரிடம் கேட்க முடியாதே.

அன்று இடிபாட்டில் தேடும் ஒத்திகை. கொட்டகைக்குப் பின்னால் உடைந்த கான்கிரீட் பலகைகளும் பழைய கதவுகளும் பெரிய சாக்கடைக் குழாய்களும் குன்றுபோலக் குவிந்திருந்தன. உள்ளே ஒரு ஆள் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர்கள் தேடி எடுக்க வேண்டும். விசில் சார் சுற்றிலும் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"நீங்கதாம்மா ஒல்லியா இருக்கீங்க. குழாய்க்குள்ள போய்ப் படுத்துக்கங்க. வெளியில இருந்து குரல் கொடுப்பாங்க. கேட்டதும் இந்தச் செங்கல்லால தட்டுங்க. அதுவரைக்கும் சும்மா இருந்தாப் போதும்."

"சும்மாவா சார்?"

"சும்மாதான்."

மற்றவர்களைக் கொட்டகைக்குள் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு அவரே அவளைக் குழாய்வரை கூட்டிக்கொண்டு போனார். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனாள். கீழே ஒரு பழைய பாய் விரித்திருந்தது. சிமெண்ட் குளிர்ச்சியாக இருந்தது. இருட்டு. அவள் காலை நீட்டினாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. யாருக்கும் எதுவும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. படுத்துக்கிடப்பதுதான் இப்போது வேலை. அதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் தூங்கிப்போனாள்.

வெளியே குழுவுக்குத் தலைவன் கொழுந்தன். புதிதாக வாங்கிய கனத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, எல்லோரையும் குவியலைச் சுற்றி நிறுத்தினான். சொல்லிக்கொடுத்தபடியே கையை உயர்த்தி அமைதியாக இருக்கும்படி சைகை காட்டினான்.

"உள்ள யாராவது இருக்கீங்களா? நான் பேசுறது கேட்டாத் தட்டுங்க!"

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் இல்லை. இடம் மாறி நின்று மறுபடி கத்தினான். ஒன்றும் இல்லை. விசில் சார் நிழலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தம்மா நன்றாகத்தான் நடிக்கிறார், இவர்கள் இன்னும் கொஞ்சம் திணறட்டும் என்று விட்டுவிட்டார்.

பொறுமை முதலில் போனது சலூன்காரருக்கு. மேலே ஏறிப் பார்த்தால் தெரியும் என்று குவியலின் மேல் கால் வைத்தார். ஏறவே கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தது. அவரைப் பார்த்துத் துணிக்கடை ஊழியர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். ஒரு கதவு வழுக்கியது. அதன் பின்னாலேயே பலகைகளும் கற்களும் தடதடவென்று சரிந்து குழாயின் வாயை மூடிக்கொண்டன. ஏறியவர்கள் தட்டுத்தடுமாறிக் கீழே குதித்தார்கள்.

விசில் சாரின் கையிலிருந்த டீ கிளாஸ் எங்கே போனதென்று தெரியவில்லை. விசில் காதைக் கிழித்தது.

"நில்லுங்க! எல்லாரும் பின்னால போங்க. அவங்க அந்தக் குழாய்க்குள்ளதான் இருக்காங்க. இனிமே இது ஒத்திகை இல்ல."

அவர் குழாயின் பக்கம் மண்டியிட்டுக் கூப்பிட்டார். பதில் இல்லை. அவர் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். அதன் பிறகு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினார்கள். ஆசிரியை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். கொழுந்தன் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் கற்களைப் பிய்த்து இழுத்தான். மேலே இருந்தவை மறுபடி சரியப் பார்த்தன.

"அவரை இழுங்க!" என்று விசில் சார் கத்தினார். சலூன்காரர் அவனை இடுப்போடு கட்டிப் பின்னால் இழுத்து உட்கார வைத்தார். "யாரும் மூச்சு விடாதீங்க. கேட்போம்."

சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது.

அந்த அமைதியில்தான் அவள் விழித்தாள். சலவை இயந்திரங்களின் இரைச்சலில் சுவரில் சாய்ந்து கண்ணயரப் பழகியவள் அவள். இரைச்சல் நின்றால்தான் தூக்கம் கலையும். எங்கே இருக்கிறோம் என்பது முதலில் பிடிபடவில்லை. பிறகு வெளியே யாரோ அழுவது கேட்டது. கொழுந்தனின் குரல்.

"அண்ணி இல்லன்னா எங்கம்மாவ யாரு பாத்துப்பா சார்? யாரு பாத்துப்பா?"

அவள் கையில் செங்கல் இருந்தது. அவள் தட்டவில்லை.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவன் பொய் சொல்லவில்லையே. அவள் இல்லாவிட்டால் என்ன குறையும் என்று கேட்டால் அந்த வீட்டில் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுவாகத்தான் இருக்கும். அவளுக்கே அப்படித்தான் தோன்றியது. அது அவளைச் சோர்வில் இன்னும் ஒரு படி கீழே தள்ளியது. இப்படியே கொஞ்ச நேரம் கிடந்தால் என்ன? கொஞ்ச நேரம்தானே. யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

"அம்மா," என்று கரகரத்த குரல் குழாயின் அருகே கேட்டது. "கேக்குதாம்மா? உயிரோட இருந்தா ஒரு தடவை தட்டிடுங்கம்மா." கடைசி வார்த்தையில் அந்தக் குரல் உடைந்தது. அந்த மனிதருக்கு அவளால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

அவள் தட்டினாள்.

வெளியே எழுந்த கூச்சல் அவளுக்கே பயமாக இருந்தது. கற்களை எடுத்துக் கதவை நகர்த்தி அவளை வெளியே கொண்டுவர வெகுநேரம் ஆயிற்று. நடக்க முடியும் என்று சொன்னாள். விசில் சார் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து நான்கு பேர் தூக்கினார்கள். வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"எங்கம்மா வலிக்குது? தலையில அடியா?"

"அடி இல்ல சார். தூங்கிட்டேன்."

சலூன்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வர சிரித்தார். மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. விசில் சார் சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏறினவங்களை அப்புறம் கவனிச்சுக்கிறேன். ஆனா தப்பு எம்மேலதான். முதல் தடவை பதில் வரலேன்னதுமே நான் நிறுத்தியிருக்கணும்," என்றார். பிறகு அவளிடம், "கடைசியா நீங்க எப்பம்மா முழுசாத் தூங்குனீங்க?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "மழைக்கு முன்னாடி சார்."

கொழுந்தன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். விரல்களில் இரத்தம் கட்டியிருந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் பார்த்து ஒன்றுமில்லை என்ற பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் அவன் ஸ்கூட்டரை ஓரம்கட்டினான். இறங்கவில்லை, திரும்பவும் இல்லை.

"அண்ணி, நான் கத்தினது உள்ள கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நான் அப்படி நினைச்சுச் சொல்லல. வாயில வந்துடுச்சு."

"வாயில வந்ததுதான் தம்பி நிஜம். விடு."

"எப்படி அண்ணி விடறது?"

லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி நீ கீழ வந்து அம்மா பக்கத்துல படு. எனக்குத் தூங்கணும். அவ்வளவுதான்."

"துணி மாத்தறதெல்லாம் எனக்குத் தெரியாதே அண்ணி."

"எனக்கு மட்டும் பிறக்கும்போதே தெரிஞ்சிருந்துச்சா?"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

வீட்டில் மாமியாருக்குத் துணி மாற்ற வேண்டியிருந்தது. ஓரகத்தி போர்வையின் ஒரு முனையைப் பிடித்தாள், இவள் தலைப்பக்கம், அவன் கால்பக்கம். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அவன் உரக்க, "தயாரா? ஒண்ணு, ரெண்டு, தூக்கு!" என்றான். மாமியார் குழறிய வாயால், "ஏன்டா கத்தற? எனக்குக் காலுதான்டா விளங்கல, காது நல்லாத்தான் கேக்குது," என்றார். ஓரகத்தி சிரித்துவிட்டாள். அவனுக்குச் சிரிக்க வரவில்லை. அம்மாவின் முதுகைத் துடைத்தபோது அங்கே சிவந்திருந்த தோலைப் பார்த்தான். அதைப் புண்ணாக விடாமல் காப்பாற்ற இத்தனை மாதமாக ஒருத்தி தூங்காமல் இருந்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

எல்லாம் ஒரேயடியாக மாறிவிடவில்லை. முதல் வாரம் ஒழுங்காக வந்தான். இரண்டாம் வாரம் வேலை அதிகம் என்று ஒருநாள் டிமிக்கி கொடுத்தான். மறுநாள் அவள் படியேறி மேலே போய், "நேத்து உன் முறை," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அப்படிப் போய்க் கேட்டது அதுதான் முதல்முறை. அதன் பிறகு அவன் தவறினால் ஓரகத்தி முணுமுணுத்துக்கொண்டாவது வந்தாள். பயிற்சியின் முடிவில் வைத்த தேர்வில் அவள் முடிச்சில் தோற்றாள். அடுத்த மாதம் மறுபடி வரச் சொன்னார்கள். கணவன் போனில், "குழாய்க்குள்ள போய்த் தூங்குனியாமே?" என்று சிரித்தான். "நீ வந்தா நானும் உன் லாரியில ஏறித் தூங்குவேன். நீ இங்க இருந்து அம்மாவப் பாத்துக்கோ," என்றாள். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. அடுத்த முறை நாலு நாள் சேர்த்து லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றான். பார்க்கலாம் என்றாள்.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, உடை மாற்றாமல்கூடக் கூடத்துத் தரையில் சாய்ந்தாள். உள்ளறையில் மாமியார் அவளைக் கூப்பிட்டார். பழக்கத்தில் உடம்பு எழப் பார்த்தது.

"நான் இருக்கேன்மா. என்ன வேணும்?" என்றது கொழுந்தனின் குரல்.

"உன்னைக் கூப்பிடல. உன் கை சில்லுனு இருக்கு."

"சரி, தேய்ச்சுட்டு வர்றேன்."

அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.