மதிலுக்கு வெளியே ஒரு குழி

என் தங்கை ஜெபமலர் மடத்தை விட்டு ஓடிப்போனவள் என்று பதுளைக் கோயிலில் எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. தாயும் தகப்பனும் போன பிறகு கன்னியர் மடத்தில் சேர்ந்தவள். அவர்களுடைய துணியை வெளுத்து வெளுத்தே கை வெந்துபோனவள். ராத்திரி ஓடிப்போய், பயந்து திரும்பி வந்து, வாசற்படியில் மழையில் விறைத்துச் செத்தாளாம். எங்கே ஓடுவாள்? தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் என் லயத்து வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் ஏது?

ஓடிப்போனவள் என்பதால் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். கல்லறைத் திருநாளன்று சாமியார் ஒவ்வொரு குழிக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். மதில் வந்ததும் திரும்பிவிடுவார்.

முதல் வருஷம், சிலுவை இல்லாத குழியை மந்திரிக்க முடியாது என்றார் உபதேசியார் மத்தேயு. கங்காணியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வேலையை விட்டு வந்து சிலுவை நட்டேன். மறு வருஷம், மடத்து மதரைக் கேள் என்றார். மதர் சாமியாரைக் கேட்கச் சொன்னார். சாமியார் உபதேசியாரைக் கைகாட்டினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எனக்கு வாய்த்த பூசாரிகள் மூன்று பேர்.

இந்த வருஷம் சாமியார் ஒருவழியாக மனமிரங்கி மதிலைத் தாண்டி வந்தார். தூறலில் ஊரே நின்றது. மடத்துப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள்.

"இருதயம்மா, ஓடிப்போன பிள்ளையை ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்னு சொல்லி மந்திரிக்கிறேன். நீ ஆமான்னு சொன்னா போதும்."

"அவ ஓடலைங்க சாமி."

"இதுக்குத்தானே இத்தனை வருஷமா அலைஞ்ச?" என்றார் மத்தேயு. "ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

எனக்கு அலுத்துவிட்டது. சொல்லித் தொலைத்துவிட்டுப் போகலாம் என்றே வாயைத் திறந்தேன்.

"அவ ஓடலை."

சொன்னது நானில்லை. வரிசையில் நின்ற யேசுரத்தினம், ஜெபமலரோடு துணி வெளுத்த பிள்ளை. "மதரோட அங்கியைத் தேய்க்கிறப்போ கருக்கிட்டான்னு வெளிய தள்ளினாங்க. கதவைப் பூட்டினது நான்தாங்க. மதர் சொன்னாங்க, பூட்டிட்டேன். விடிய விடியத் தட்டினா."

மதர் அவளை வாயை மூடச் சொன்னார். சாமியார் தீர்த்தச் செம்பை மத்தேயு கையில் கொடுத்துவிட்டு, மழை வலுக்கிறது என்று கோயிலுக்குள் போனார். ஊரும் பின்னாலேயே போயிற்று. கேட்டவர்கள் யாருக்கும் காது கேட்கவில்லை.

மதர் யேசுரத்தினத்தின் தோளைப் பிடித்து மடத்துப் பக்கம் திருப்பினார். எனக்குத் தீர்த்தமும் மறந்தது, மந்திரமும் மறந்தது. பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கையும் வெந்துதான் இருந்தது.

"எங்க கூட்டிட்டுப் போற?" என்றார் மத்தேயு.

"என் லயத்துக்குங்க. இவளும் ஓடிட்டான்னு நாளைக்குக் கோயில்ல சொல்லுவீங்க. இந்தத் தடவையாவது அது உண்மையா இருக்கட்டும்."