அழமாட்டேன் என்ற அம்மா

வெளிநாட்டில் இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவளை நடிக்கக் கூப்பிட்டது தற்செயல்தான். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குத் தமிழ் பேசும் அம்மா வேண்டுமாம். அதை எடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்த பெண் ஒருத்தி தினமும் இவள் வண்டியில் ஏறுபவள். அவள்தான் கேட்டாள். "நானா? கண்ணாடியில என் மூஞ்சிய நானே ரெண்டு தரம் பாக்கமாட்டேன்" என்று சிரித்தாள் டிரைவர். ஆனாலும் லீவு போட்டுவிட்டுப் போனாள்.

காட்சி இதுதான். மகள் வீட்டை விட்டுத் தனியாகப் போகிறாள். அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்து, மாரில் அடித்துக்கொண்டு, மகள் காலிலேயே விழுந்து கதற வேண்டும். அம்மாவுக்கு வசனம் எழுதப்படவில்லை. "உங்க பாஷையில எதையாவது சொல்லி அழுங்க. யாருக்கும் புரியப்போறதில்ல" என்றார் தமிழ் தெரியாத இயக்குநர்.

டிரைவருக்குச் சுருக்கென்றது. அவளுடைய சொந்த மகளும் மூன்று வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் பெட்டியைத் தூக்கினாள். அன்றைக்கு இவள் கதறவில்லை. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். எட்டாம் நாள் குக்கரைத் தூக்கிக்கொண்டு மகள் வாசலில் போய் நின்றாள்.

"இப்படி யாரும் அழமாட்டாங்க சார்."

"இப்படிச் செஞ்சாத்தான் பாக்கறவங்களுக்குப் புரியும்."

"நாங்களும்தானே பாக்கறோம்?"

கேமரா ஓடியது. அவள் ஓடிவரவில்லை. நிதானமாக வந்து, மகளாக நடித்த பெண்ணின் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டாள். "வீட்டுச் சாவிய வச்சுட்டுப் போகாத. உங்கிட்டயே இருக்கட்டும்."

மகளாக நடித்தவள் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். தன் வசனம் மறந்து விக்கித்து நின்றாள்.

"கட்!" இயக்குநருக்கு மூக்குக்கு மேல் கோபம். "சொன்னதச் செய்யுங்க. இல்லேன்னா வேற அம்மாவக் கொண்டுவருவேன்."

"தாராளமா. என் முட்டியும் மடங்காது, என் கொண்டையும் அவிழாது." அவர்கள் மாட்டிவிட்டிருந்த கவரிங் நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் போட்டாள். கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"ஆன்ட்டி, இருங்க. நானும் வரேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நடிகைதான். இயக்குநரிடம் திரும்பினாள். "எங்கம்மா என்னை அனுப்பினப்போ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல சார். நான் போய்ட்டா பன்னிரண்டு நாள் எடுத்ததெல்லாம் வீண். யோசிச்சுக்குங்க."

இயக்குநர் தலையைச் சொறிந்தார். வெளியே போய் யாருக்கோ போன் போட்டார். திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "அதையே இன்னொரு தடவ செய்யுங்க" என்றார்.

காட்சி அப்படியே ஒளிபரப்பானது. எங்கெங்கோ இருக்கிற அம்மாக்களெல்லாம் கம்பெனிக்குப் பாராட்டி எழுதினார்கள். கம்பெனிக்காரர்கள் மாறிவிட்டார்கள் என்றுதான் டிரைவர் நம்பினாள். அடுத்த காட்சிக்கான தாள்கள் வந்தன. அதில், மகளுக்கு வேலை போன சேதி கேட்டு அம்மா மயங்கி விழுகிறாள்.

டெப்போ கேன்டீனில் டீயைத் தள்ளிவைத்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரரிடம் சிவப்புப் பேனா இரவல் வாங்கினாள். அடித்த முதல் கோட்டிலேயே தாள் கிழிந்தது.