வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள்

மருத்துவமனையில் என் அறைக் கதவில் 'மரபணு ஆலோசகர்' என்று எழுதியிருக்கும். சொந்தத்தில் கல்யாணம் பேசியவர்கள், வீட்டில் ஏற்கெனவே குறையோடு குழந்தை பிறந்தவர்கள் வருவார்கள். ரத்தப் பரிசோதனையின் முடிவை அவர்களுக்குப் புரியும்படி விளக்குவது என் வேலை. செய்யுங்கள் என்றோ, செய்யாதீர்கள் என்றோ நான் சொல்லக் கூடாது. பயிற்சியில் முதல் பாடமே அதுதான்.

"ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னா உன்ன எதுக்கு நுஸைபா அங்க உக்கார வச்சிருக்காங்க?" என்று அம்மா கேட்பார். எனக்கு இயல்பிலேயே பேச்சு குறைவு. அதனால் பொருத்தமான வேலைதான் என்றும் அவரே முடித்துவிடுவார்.

எழுமலையிலிருந்து அந்த நால்வரும் தை மாதக் கடைசியில் வந்தார்கள். முத்திருளன், அவர் மகன் அருண்பாண்டி. முத்திருளனின் தங்கை அன்னக்கொடி, அவர் மகள் பவதாரிணி. மகனுக்கும் தங்கை மகளுக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். முத்திருளனின் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அது இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் வருமா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி ஊர் டாக்டர் அனுப்பியிருந்தார்.

"பாத்து நல்லபடியா சொல்லும்மா," என்றார் முத்திருளன். "வைகாசியில மண்டபம் பேசியாச்சு."

ரத்தம் எடுத்த பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவது வழக்கம். முதலில் பவதாரிணி வந்தாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, ரிசல்ட் எப்படி வந்தாலும் வேணாம்னு சொல்லிருங்க."

நான் பேனாவை மூடினேன்.

"அப்பா இறந்ததுல இருந்து மாமா வீட்லதான் இருக்கோம். நானும் அருண் மச்சானும் ஒண்ணா வளந்தவங்க. அவரை எனக்கு அப்படி நினைக்க வரல."

"இத நீங்களே வீட்ல சொல்லலாமே?"

"என்னைய காலேஜ்ல சேத்தது மாமாதான். இதுவரைக்கும் என்கிட்ட எதுவும் கேட்டதில்ல. இது ஒண்ணுதான் கேக்குறாரு. நான் எப்படிக்கா முடியாதுன்னு சொல்ல? நீங்க சொன்னா யாருக்கும் வருத்தம் வராது. ரத்தம் சேரலன்னு போயிரும்."

பொய் சொல்ல முடியாது என்றேன். அவள் சொன்னதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். அந்த உறுதி அவளுக்கு ஆறுதலாக இல்லை.

அடுத்து வந்த அருண்பாண்டி கைபேசியை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தான்.

"மேடம், இதுல ஏதாச்சும் குறை இருக்குன்னு வந்தா நல்லது."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"பவதா நல்ல பிள்ள. ஆனா எங்கூடப் பிறந்தவ மாதிரி. நான் வேணாம்னு சொன்னா, அப்பா இல்லாத பிள்ளைய ஒதுக்கிட்டான்னு ஊரே பேசும். அத்தை மூஞ்சில முழிக்க முடியாது. நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. உங்க பேச்ச அப்பா தட்ட மாட்டாரு."

இருவருக்கும் என்னிடம் வேண்டியிருந்தது ஒன்றேதான். இவள் சொன்னதை அவனிடம் சொன்னால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒருவர் தனியாகச் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோக எனக்கு உரிமையில்லை.

முடிவு வந்தது. முத்திருளனின் தம்பிக்குக் காது கேட்காததற்குக் காரணமான மரபணுக் குறை இருவரிடமும் இல்லை.

மாசியில் மறுபடி வந்தபோது முத்திருளன் ஒரு பை மொச்சை கொண்டுவந்திருந்தார். வாங்கக் கூடாது என்றதும், "நம்ம காட்டுல காச்சது தாயி, இதுக்குமா சட்டம்?" என்று சிரித்தார்.

உங்கள் தம்பிக்கு இருக்கும் குறையை நினைத்து இவர்கள் பயப்பட வேண்டியதில்லை என்று விளக்கினேன். அன்னக்கொடி கையெடுத்துக் கும்பிட்டார். பவதாரிணி குனிந்துகொண்டாள். அருண்பாண்டி சன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"பிறகென்ன," என்றார் முத்திருளன், எழப்போகிறவர்போல.

நான் அறிக்கையை மூடி வைத்தேன். "ஐயா, நீங்களும் அம்மாவும் கொஞ்சம் வெளிய இருங்க. இவங்க ரெண்டு பேருகிட்டயும் பேசணும்."

அவர்கள் போனதும் இருவரையும் பார்த்துச் சொன்னேன்: "ரத்தம் இந்தக் கல்யாணத்த நிறுத்தாது. உங்க மனசுல இருக்கிறத டெஸ்ட் சொல்லாது. நீங்கதான் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கணும்." நானும் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

"நீயும் வந்துட்டியேம்மா? பேசணும்னியே?" என்றார் முத்திருளன்.

"அவங்க பேசட்டும்யா."

பிறகு உள்ளே பவதாரிணி சிரிக்கும் சத்தம் கேட்டது. அருண்பாண்டியும் சிரித்தான். அடக்க முடியாத சிரிப்பு.

"பாத்தியா தங்கச்சி," என்றார் முத்திருளன். அன்னக்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சுவரோரம் நின்றேன்.

கதவைத் திறந்தவன் அருண்பாண்டி. "அப்பா, அத்தை, உள்ள வாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணு சொல்லணும்."

பவதாரிணிதான் சொன்னாள். குரல் இடையில் உடைந்தபோது அவன் தொடர்ந்தான்.

"உனக்கும் வேணாமாடா அருணு?" என்று கேட்டார் அன்னக்கொடி.

"ஆமா அத்தை."

"அப்ப நான் மட்டுந்தான் கேணப்பய மாதிரி மண்டபம் மண்டபமா அலைஞ்சிருக்கேன்," என்றார் முத்திருளன். யாரும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் மேஜையில் இருந்த தாள்களை அடுக்கினேன்.

"தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அவங்கதான்யா சொல்லணும்."

அவர் பவதாரிணியைப் பார்த்தார். "நான் கோவிச்சுக்குவேன்னு பயந்தியாக்கும்?"

"ஆமா மாமா."

"கோவந்தான். இப்பவும் கோவந்தான் இருக்கேன். அதுக்காக உன்ன விட்டுருவேனா?"

அவள் அவர் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். அவர் நகரவில்லை.

அன்னக்கொடி என்னை நோக்கிக் குனிந்தார்.

"ஏம்மா, இனி இவளுக்கு வெளிய மாப்பிள்ள பாத்தா, அந்தப் பையனும் இங்க வந்து ரத்தம் குடுக்கணுமா?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது.

"தேவையில்லம்மா, அந்தக் குறைதான் இவங்ககிட்ட இல்லையே," என்றேன். ஏன் தேவையில்லை என்று ஒரு தாளில் படம் வரைந்து காட்டத் தொடங்கினேன்.